யோகா வகுப்பில் தீராத களைப்பு: வேலையும் மனநலமும், அடிப்படையிலிருந்து

என் சித்தப்பா மகள் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். தண்டையார்பேட்டை வீட்டு வாசலுக்கே கேப் வரும், போகும். போன வருஷம் அவளுடைய அலுவலகத்தில் ‘ஊழியர் நல்வாழ்வு நாள்’ கொண்டாடினார்கள். ஒரு மணி நேரம் யோகா. ஆளுக்கொரு குட்டித் தொட்டியில் மணி பிளான்ட். ‘உன்னை நீ நேசி’ என்று அச்சடித்த காபி கப். அப்புறம், யோகா நேரத்தில் எடுக்காமல் விட்ட போன் கால்களைச் சரிக்கட்டுவதற்காக அன்றைய ஷிப்ட் ஒரு மணி நேரம் நீண்டது. ராத்திரி வீட்டுக்கு வந்தவள் தொட்டியை டிவி மேல் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை வீட்டில் பஞ்சாயத்து. “இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்குற சக்தியே கிடையாது” என்றார் சித்தப்பா. “எல்லாம் மனசுலதான்டி இருக்கு” என்றார் அத்தை. ராத்திரி போனை நோண்டாமல் தூங்கினால் சரியாகிவிடும் என்பது பாட்டியின் கட்சி. மூன்று தீர்ப்பும் பழியை அவள் தலையில்தான் போட்டன. அந்த வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யோகா ஏற்பாடு செய்த அலுவலகமும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. தமிழில் அதைத் தொழில்நல உளவியல் எனலாம். ஒரு வேலை அமைந்திருக்கும் விதம், அதைச் செய்பவரின் உடலையும் மனதையும் என்ன செய்கிறது என்று ஆராய்வது இதன் வேலை. ஆள் பலவீனமானவரா என்று இது முதலில் பார்ப்பதில்லை. நேரம், வேகம், சொல் உரிமை, சம்பளம், மேலதிகாரி, ஓய்வு இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் வருகிறது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. ‘ஸ்ட்ரெஸ்’, ‘டென்ஷன்’, ‘டிப்ரெஷன்’, ‘பர்ன் அவுட்’ என்ற நான்கு சொற்களையும் நாம் ஒரே சாம்பாரில் போட்டுக் கொதிக்க விடுகிறோம். பஸ் வரவில்லை என்றாலும் டென்ஷன், வேலை போனாலும் டென்ஷன். பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும்.

பாக்சிங் ரவுண்டும் மூலை ஸ்டூலும்

வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க பாக்சிங்கே போதும். மூன்று நிமிடம் ஒரு ரவுண்டு, மூன்று ரவுண்டு ஆட்டம். மணி அடித்ததும் மூலைக்கு வந்து ஒரு நிமிடம் ஸ்டூலில் உட்கார வேண்டும். கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு, வாத்தியார் காதில் சொல்லும் நாலு வார்த்தை. மறுபடி மணி. அந்த ஒரு நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு, மொத்த ஒன்பது நிமிடத்தையும் நிற்காமல் ஆடு என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி அதே ஆள்தான், குத்தும் அதே குத்துதான். ஆனால் இரண்டாவது ரவுண்டு நேரத்திலேயே கை கீழே தொங்கிவிடும்.

வேலையிலும் இதுதான் நடக்கிறது. ஒரு நெருக்கடி வந்ததும் உடல் தயாராகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்ந்து இதயத்தை வேகப்படுத்துகிறது. சற்று நிதானமாக வரும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தெம்பு கொடுக்கிறது. செரிமானம், உடம்பின் உள்பழுது பார்க்கும் வேலை போன்றவற்றை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கிறது. ஒரு தேவையைச் சமாளிக்க உடலும் மனமும் இப்படி எழுந்து நிற்பதற்குப் பெயர்தான் அழுத்தம். அழுத்தம் தன்னளவில் நோயல்ல. பரீட்சைக்கு முந்தின நாள் படிக்க வைப்பதும் அதுதான்.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் எலிகளை வைத்து இதைக் கவனித்து எழுதினார். காரணம் குளிரோ, காயமோ, அளவுக்கு மீறிய ஓட்டமோ, எதுவானாலும் எலியின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது. முதலில் எச்சரிக்கை, பிறகு தாக்குப்பிடித்தல், நெருக்கடி நிற்கவே நிற்காவிட்டால் கடைசியில் சோர்ந்து விழுதல். அந்த மூன்றாவது கட்டத்துக்குப் போகாமல் காப்பாற்றுவதுதான் மூலை ஸ்டூல். இந்தத் துறையில் அதற்கு மீட்சி என்று பெயர்: எழுந்து நின்ற உடல் மறுபடி தன் பழைய நிலைக்கு இறங்கி வருவது.

மீட்சிக்கு நேரம் மட்டும் போதாது, மனமும் வேலையை விட்டு வெளியே வர வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் சபீன் சோன்னென்டாக் நீண்ட காலமாக ஆராய்ந்துவருவது இதைத்தான். உடம்பு வீட்டில் இருக்கிறது, மனசு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது என்றால் ஸ்டூலில் உட்கார்ந்ததாகக் கணக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு நேரத்தில் “அர்ஜென்ட், கொஞ்சம் பாருங்க” என்று வரும் ஒற்றைச் செய்தி தின்பது இரண்டு நிமிடம்தான். மீதி மத்தியானம் முழுக்க அது மண்டைக்குள் ஓடும்.

நேரத்தின் கணக்கும் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்றது அது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது, “நாலு நாள் உழைச்சா மூணு நாள் லீவுதானே, லாபம்தானே” என்று டீக்கடையில் ஒருவர் வாதாடினார். மசோதா மே தினத்தோடு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய கணக்கில் கூட்டல் சரி. ஆனால் நாலு ரவுண்டின் ஓய்வையும் சேர்த்துவைத்து ஆட்டம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்றால் எந்தக் குத்துச்சண்டை வீரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ குறைகள் இருந்தன. ஆனால் அவர்கள் முதலில் வாய் திறந்த விஷயங்களில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் அரைமணி நேரம் போதவில்லை என்பது. மீட்சி என்ற சொல் தெரியாமலே ஸ்டூலைக் கேட்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது: அழுத்தம் என்பது உடல் எழுந்து நிற்பது. மீட்சி என்பது அது உட்காருவது. கெடுதல் வருவது எழுந்தே நிற்பதால்.

இரண்டு தையல்காரர்கள்

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம். பெரும்பாலோர் தடுமாறும் இடமும் இதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து முனையில் ஒற்றை மெஷினோடு தைக்கும் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி ரெண்டு மணி வரை மெஷின் ஓடும். “அண்ணே, என் பிளவுஸ் என்னாச்சு?” என்று வாசலில் எந்நேரமும் கூட்டம். அதே தெருவிலிருந்து ஒரு அக்கா ஏற்றுமதி ஆடை கம்பெனிக்குப் போகிறார். எட்டு மணி நேரம்தான். அவருக்குக் காலர் மட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். முன்னால் இருப்பவர் தைத்தது கூடையில் வந்து விழும். தான் நிறுத்தினால் பின்னால் இருப்பவர் கை காலியாகும். பாத்ரூம் போகச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும்.

யாருக்கு வேலை அதிகம்? அண்ணனுக்கு. யாருடைய உடம்பு முதலில் கெடும்? அண்ணனுக்குத்தான் என்று சொல்லத் தோன்றும். ஆய்வுகள் அக்காவைக் காட்டுகின்றன.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேலையை இரண்டு அளவுகோலில் பார்க்கச் சொன்னார். ஒன்று, வேலைச்சுமை: எவ்வளவு வேகம், எவ்வளவு அளவு, எவ்வளவு கவனம் கேட்கிறது. இன்னொன்றை நான் கைப்பிடி என்று சொல்லப்போகிறேன். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் நமக்கு இருக்கும் சொல் உரிமையும், தெரிந்த தொழிலைப் பயன்படுத்தும் வாய்ப்பும் சேர்ந்ததுதான் கைப்பிடி. சுமை மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை, கைப்பிடி இல்லாத சுமைதான் சாய்க்கிறது என்பது அவருடைய வாதம். குடத்தைத் தூக்கியவர்களுக்கு இது புரியும். லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ரெண்டு மாடி ஏறலாம். குடத்துக்குக் கழுத்து இல்லை என்றால் பாதிக் குடத்தைக்கூட ஏற்ற முடியாது.

தையல் அண்ணனுக்குச் சுமையும் அதிகம், கைப்பிடியும் அதிகம். யாருடைய துணியை முதலில் தைப்பது, எப்போது டீ குடிப்பது, எந்தப் பார்ட்டியை “நாளைக்கு வாம்மா” என்று அனுப்புவது எல்லாம் அவர் கையில். அந்த வாரம் களைப்பார். ஆனால் புதிய கழுத்து வெட்டு ஒன்றையும் கற்றுக்கொண்டிருப்பார். அக்காவுக்குச் சுமை அதிகம், கைப்பிடி குறைவு. இந்தச் சேர்க்கைதான் ஆபத்தானது.

இன்னும் இரண்டு சேர்க்கை பாக்கி. ராத்திரி முழுக்க ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலருக்குச் சுமையும் குறைவு, கைப்பிடியும் குறைவு. “சும்மா உட்கார்ந்து சம்பளம்” என்று நாம் சொல்லும் வேலை. கராசெக்கின் கணக்கில் இதுவும் நல்லதல்ல. பயன்படுத்தாத திறமை மெல்ல மழுங்கும், ஆளும் வேலைக்கு வெளியே ஒதுங்கிப்போவார். சுமை குறைவாகவும் கைப்பிடி அதிகமாகவும் உள்ள வேலை நாலாவது. தெருக்கோடியில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவரைப் போல. அது நமக்கெல்லாம் வாய்ப்பதில்லை, விட்டுவிடுவோம்.

கைப்பிடி என்றால் என்ன என்பதைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் பார்த்திருக்கிறேன். எண்ணூர் பக்கத்திலிருந்து துறைமுக கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற நாட்கள் இந்தப் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் டிரைவர் ஓய்வாக இருப்பது போலத்தான் தெரியும். காலை சீட்டில் போட்டிருப்பார், ரேடியோ பாடும். ஆனால் முன்னால் இருக்கும் வண்டி எப்போது நகரும் என்று தெரியாது. நகரும்போது தூங்கினால் பின்னால் இருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். இறங்கிப்போய் நிதானமாகச் சாப்பிட முடியாது. நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு ஓய்வாகாது. உடம்பு எழுந்தேதான் நிற்கிறது.

பிறகு வந்த ஆய்வாளர்கள், ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும், 1988-ல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஆதரவு. கூட வேலை செய்பவர்களிடமிருந்தும் மேலே இருப்பவரிடமிருந்தும் கிடைக்கும் கைத்துணை அது. “நீ போய்ச் சாப்ட்டு வாடா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது. சுமை அதிகம், கைப்பிடி இல்லை, பக்கத்தில் யாருமில்லை என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கூட்டு.

என் தங்கையின் வேலையை இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். போன் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக வந்து விழும். என்ன பேசுவது என்பது திரையில் எழுதியிருக்கும். இடைவேளை நிமிடக் கணக்கில். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேச வழியில்லை. அடுத்த வார ஷிப்ட் லிஸ்ட் ஞாயிறு ராத்திரிதான் வரும். யோகா இதில் எதைத் தொட்டது?

இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். உடம்பு சரியில்லாதவர்தான் வேலையைக் குறை சொல்கிறாரோ? ஒரே நாளில் கேள்வித்தாள் கொடுத்து, வேலை எப்படி, உடம்பு எப்படி என்று இரண்டையும் கேட்டால் இந்தக் குழப்பம் தீராது. அதனால் ஆரோக்கியமாக இருக்கும் ஆட்களை முதலில் பதிவு செய்துகொண்டு, அதே ஆட்களை வருஷக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். இதற்குத் தொடர் ஆய்வு என்று பெயர். முதலில் வேலை எப்படி இருந்தது, பின்னால் யாருக்கு நோய் வந்தது என்று வரிசைப்படி பார்க்கலாம்.

அப்படிப்பட்ட ஆய்வுகளில் புகழ்பெற்றது லண்டனில் நடந்த வைட்ஹால் ஆய்வு. 1967-ல் தொடங்கியது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மேசை வேலை, பட்டினி கிடையாது. அன்றைய பொதுநம்பிக்கை, பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது. இன்றைக்கும் “மேலே போகப் போக டென்ஷன்தான் சார்” என்று மேனேஜர்கள் சொல்லிக் கேட்கிறோம். மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவும் கணக்கெடுத்தபோது படம் தலைகீழாக இருந்தது. பியூன், வாயிற்காவலர் போன்ற கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வெறும் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரியவும் இல்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அபாயம் ஒரு படி ஏறியது. புகை, இரத்தக்கொதிப்பு, கொழுப்பு இவையெல்லாம் வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

மீதியைத் தேடி 1985-ல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இதய நோயில் தெரிந்த படிநிலை வித்தியாசத்தை விளக்கியதில் பெரிய பங்கு வேலையில் கைப்பிடி குறைவாக இருந்ததற்கு என்று 1997-ல் எழுதினார்கள். மேனேஜருக்கு டென்ஷன் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்கு ஒரு கதவு உண்டு, அதைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை மூட முடியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. கைப்பிடி இல்லாத வேலை பார்க்கும் எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்றோ, உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது அதனால்தான் என்றோ இதிலிருந்து சொல்ல முடியாது.

போட்டதும் வந்ததும்

ஜெர்மன் சமூகவியலாளர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். நாம் போடும் உழைப்புக்கும் திரும்ப வருவதற்கும் உள்ள தராசு நீண்ட காலம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் உடல் அதை உணர்கிறது என்றார். திரும்ப வருவது என்றால் சம்பளம் மட்டுமில்லை. மரியாதை, நாளைக்கும் வேலை இருக்கும் என்ற உத்தரவாதம், மேலே போக வழி, இவையும் அதில் சேரும்.

இதை என் அப்பாவிடம் சொல்லி விளக்கத் தேவையே இருக்கவில்லை. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரே மெஷினில் ஒரு பக்கம் பெர்மனென்ட், மறுபக்கம் கான்ட்ராக்ட். ஒரே எண்ணெய்க்கறை, ஒரே சத்தம். சட்டையின் நிறம் வேறு, கேன்டீனில் வரிசை வேறு. அப்பா கான்ட்ராக்ட் சட்டையிலேயே பதினோரு வருஷம் இருந்தார். அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசியது குறைவு. அந்த கேன்டீன் வரிசையைப் பற்றி இன்றும் பேசுகிறார்.

சிரிப்புக்கும் கூலி உண்டா?

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து உணர்வுழைப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தார். சம்பளத்துக்காக முகத்திலும் குரலிலும் ஒரு உணர்வை வரவழைத்துக் காட்டுவது அது. அவர் விமானத்தில் கண்டதை நீங்கள் எம்.சி. ரோட்டில் பார்க்கலாம். ஐம்பது புடவை பிரித்துப் போட்டாகிவிட்டது, வாடிக்கையாளர் “பிடிக்கலை” என்று எழுந்து போகிறார். விற்பனைப் பெண், “பரவாயில்லைக்கா, அடுத்த தடவை வாங்க” என்று சிரிக்கிறார். உள்ளே எரிச்சல், வெளியே சிரிப்பு. இந்த இடைவெளியைத் தினமும் எட்டு, பத்து மணி நேரம் தாங்கிப்பிடிப்பது மூட்டை தூக்குவது போல ஒரு உழைப்பு. மூட்டைக்காவது எடை போட்டுக் கூலி தருகிறார்கள்.

அந்தப் பெண் அத்தனை நேரமும் நின்றுகொண்டும் இருந்தார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இப்போது சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்காமல் இருக்கிறாரா என்பதுதான் உளவியல் கேட்கும் கேள்வி.

இந்த மூன்று பகுதியையும் சேர்த்துச் சொன்னால், ஒரு வேலையை எடைபோடச் சுமை, கைப்பிடி, ஆதரவு, திரும்ப வருவது, முகத்துக்கும் மனசுக்கும் உள்ள தூரம் என்று ஐந்து விஷயம் பார்க்கலாம். ஐந்தும் வேலையைப் பற்றியவை.

பர்ன் அவுட் என்ற தேய்ந்த சொல்

தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் என்ன ஆகும்? சத்தம் வரும், கரன்ட் இழுக்கும், மேலே ஒரு சொட்டு ஏறாது. கொஞ்ச நேரத்தில் காயில் கருகும். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் இதற்கு பர்ன் அவுட் என்று பெயர் வைத்து எழுதினார். அவர் அதைக் கண்டது இலவச மருத்துவ மையத்தில் ஆர்வத்தோடு தொண்டு செய்தவர்களிடம். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் கேள்வித்தாளை 1981-ல் உருவாக்கினார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் இதை விளக்கியபோது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீடித்த வேலையிட அழுத்தத்தால் வரும் ஒரு நிலை என்றது. மூன்று அடையாளம் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் வரும் வெறுப்பு, தன்னால் ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை என்ற எண்ணம். மூன்றும் வேலையைச் சார்ந்தவை. ஒரு ஞாயிறு தூங்கி எழுந்தால் போகும் களைப்புக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

மனச்சோர்வு நோய் வேறு. அது வேலையோடு நிற்காது. பிள்ளையின் சிரிப்பு, பிடித்த பாட்டு, மீன் குழம்பு எதிலும் ருசி இல்லாமல் போகும். தூக்கம், பசி எல்லாவற்றையும் கலைக்கும். பர்ன் அவுட்டும் அதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் வேலையா, நோயா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

சங்கு நின்ற பிறகு

அப்படியென்றால் வேலைதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணமா? இந்த முடிவுக்கு அவசரப்பட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கதை.

ஆஸ்திரியாவில் மரியென்டால் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு ஒரே ஒரு துணி ஆலை. உலகப் பொருளாதாரம் சரிந்த சமயத்தில் அது மூடப்பட்டது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே போய், வேலை போன ஊர் எப்படி வாழ்கிறது என்று கவனித்து 1933-ல் வெளியிட்டார்கள். வறுமையை எதிர்பார்த்துத்தான் போனார்கள், அது இருந்தது. எதிர்பாராத வேறொன்றையும் பார்த்தார்கள். ஆட்களுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியளவு குறைந்துபோனது. பலர் கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டார்கள். தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட ஆய்வாளர்கள் மறைந்து நின்று அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்து, நின்று நின்று போனார்கள். வீட்டு வேலை குறையாத பெண்கள் எப்போதும் போல வேகமாக நடந்தார்கள்.

வேலை சம்பளத்தோடு ஐந்து விஷயத்தையும் சேர்த்துத் தருகிறது என்று யாஹோடா பிற்காலத்தில் எழுதினார். நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, ஊரில் ஒரு அடையாளம், கைகாலுக்கு ஒரு வழக்கம்.

பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. மில் சங்கைக் கேட்டு உலை வைத்த தெருக்கள் பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் பக்கம் இருந்தன. அங்கே வேலை பார்த்த ஒரு தாத்தா எங்கள் பழைய தெருவில் இருந்தார். மில் மூடி வருஷங்கள் ஆன பிறகும் விடியற்காலையில் குளித்து, சட்டை மாட்டி, டிபன் பாக்ஸ் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்ன ஆயிற்று என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. மரியென்டாலைப் பற்றிப் படித்தபோது அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

ஆகவே கேள்வி வேலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எப்படிப்பட்ட வேலை என்பதுதான்.

கொசுவர்த்தி எவ்வளவு தூரம் போகும்

சரி, என்ன செய்வது? இந்தத் துறை தீர்வுகளை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. கொசுத் தொல்லையை வைத்துப் பார்த்தால் லேசாகப் பிடிபடும். மழை முடிந்ததும் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீரை வடியவைப்பது முதல் நிலை. வீட்டில் கொசுவர்த்தி, வலை என்று தற்காத்துக்கொள்வது இரண்டாம் நிலை. டெங்கு வந்தபின் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மூன்றாம் நிலை.

வேலையிடத்திலும் அப்படித்தான். இலக்கைக் குறைப்பது, ஷிப்ட் லிஸ்ட்டை முன்கூட்டித் தருவது, பாத்ரூமுக்கு அனுமதி கேட்க வைக்காமல் இருப்பது, வேலையைப் பற்றிய முடிவில் வேலை செய்பவரையும் கேட்பது எல்லாம் முதல் நிலை. யோகா, மூச்சுப்பயிற்சி, பேசும் திறன் வகுப்பு இரண்டாம் நிலை. ஆலோசகர், மருத்துவ விடுப்பு, நிதானமாக வேலைக்குத் திரும்ப வழி செய்வது மூன்றாம் நிலை.

யோகாவைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். நானே காலையில் கொஞ்சம் செய்கிறேன். கொசுவர்த்திக்கும் பயன் உண்டு, ஏற்றி வைத்தால் அன்று ராத்திரி தூங்கலாம். ஆனால் வாசலில் குட்டை அப்படியே கிடக்க, வீட்டுக்கு வீடு கொசுவர்த்தி கொடுத்துவிட்டு, கடி வாங்கியவரைப் பார்த்து “உனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை” என்றால் எப்படி? நிறுவனங்கள் இரண்டாம் நிலையில் நின்றுவிடுவதற்குக் காரணம் லேசானதுதான். அதற்குச் செலவு குறைவு, போட்டோ எடுக்கலாம், யாருடைய அதிகாரமும் குறையாது. முதல் நிலைக்கு யாராவது ஒருவர் தன் கையில் இருக்கும் பிடியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

இந்த வருஷமும் நல்வாழ்வு நாள் வந்தது. முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பினார்கள். யோகா, ஜும்பா, ஓவியம், இவற்றில் எது பிடிக்கும் என்று டிக் அடிக்க வேண்டும். கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு கட்டம். தங்கை அதில், “ஷிப்ட் லிஸ்ட்டை வெள்ளிக்கிழமையே போடுங்கள்” என்று எழுதி அனுப்பினாள். ஜும்பா நடந்தது. மணி பிளான்ட் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே போய்விட்டது. லிஸ்ட் இன்னமும் ஞாயிறு ராத்திரி பத்தரைக்குத்தான் வருகிறது.